கோட்டில் நிற்கும் மனிதர்

நுழையும்முன்

மனிதர் முதன்முதலில் வரையத் தொடங்கிய உருவங்களுள் மனித உருவமும் ஒன்று. பாறையிலும் சுவரிலும் கல்லிலும் துணியிலும் தாளிலும் அது மீண்டும் மீண்டும் வரையப்பட்டு வருகிறது. அன்றாடம் கண்முன் நடமாடும் மனிதரை ஓவியத்தில் ஏன் பார்க்க வேண்டும்? ஓர் ஓவியர் மனித உருவத்தை மட்டுமே வரைந்து காட்சிக்கு வைக்கும்போது நாம் அதில் எதைத் தேட வேண்டும்? விருதுநகர் மாவட்டத்துச் சுவர் ஒன்றிலிருந்து தொடங்கி இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

சுவரில் ஒரு கண்காட்சி

சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாள் நாட்காட்டித் தொழிலுக்குரிய நாளாகும். அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டிப் படத் தொகுப்புகளை அச்சகத்தார் அன்று வெளியிடுவர். வணிகர்கள் அத்தொகுப்பைப் புரட்டித் தமக்கு வேண்டிய படத்தைத் தேர்வு செய்வர். தை பிறக்கும் முன்னே அப்படங்கள் மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் தொங்கத் தொடங்கிவிடும். ஓவியக் கூடத்தின் வாசலை ஒருநாளும் மிதித்திராத கோடிக்கணக்கான மக்களுக்கு நாட்காட்டி தொங்கும் சுவரே கண்காட்சியாக இருந்து வந்திருக்கிறது.

அந்தச் சுவரில் நாம் கண்டவை பெரும்பாலும் உருவங்களே. தாமரையில் வீற்றிருக்கும் திருமகள், வேலேந்திய முருகன், வெண்ணெய் உண்ணும் கண்ணன் ஆகியோர் கடவுளராயினும் மனித மேனி தாங்கியே நமக்குக் காட்சி தருகின்றனர். எனவே, மனித உடல் எவ்வாறு இருந்தால் அது அழகு என்னும் எண்ணத்தை, நாம் அறியாமலேயே அந்தப் படங்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. அப்பாடம் முழுமையானதுதானா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

கண்ணுள் வினைஞர்

ஓவியத்தைக் கூடிநின்று பார்த்துப் பேசும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. விருதுநகரிலிருந்து மதுரை செல்லும் இருப்புப்பாதையில் மதுரையை நெருங்கும்போது கண்ணில் படுவது திருப்பரங்குன்றம். அக்குன்றத்தில் ஓவியங்கள் தீட்டப்பெற்ற மண்டபம் இருந்ததைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் கூறுகிறது. அங்கு வருவோர் ஓவியங்களைச் சுட்டிக்காட்டி இவர் யார், அவர் யார் என வினவுகின்றனர். அறிந்தோர் விடை சொல்கின்றனர். காமனும் இரதியும் அங்கே இருக்கின்றனர். பூனை வடிவெடுத்த இந்திரன், அகலிகை, சினங்கொண்ட கௌதமன், அகலிகை கல்லான நிலை ஆகியனவும் அங்கே ஓவியமாகியுள்ளன. அப்பாடலில் நாம் காண்பது, பழந்தமிழ்நாட்டின் ஓவியக் கண்காட்சி ஒன்றையும் அதைப் பார்த்து வியந்த பார்வையாளர்களையும் ஆகும்.

ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. காண்போர் கண்ணுக்குள் தம் வினையை நிறுத்துபவர் என்பது அச்சொல்லின் கருத்து. ஓவியம் சுவரில் இருந்தாலும் அது நிறைவு பெறும் இடம் பார்ப்பவரின் கண்தான் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். பார்ப்பவர் கண் பழகியிராவிட்டால் ஓவியரின் வினையும் பாதியில் நின்றுவிடும்.

உடலின் அளவுகளையும் நம் மரபு நுட்பமாக வகுத்தது. மயிர் எல்லை முதல் முகவாய் வரையுள்ள முகநீளம் ஒரு தாளம் எனப்பட்டது. ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலமாகப் பகுக்கப்பட்டது. இந்த அங்குலம் இன்றைய அளவுகோலின் அங்குலம் அன்று. சிலையின் அளவுக்கேற்ப மாறும் ஓர் ஒப்பளவு. தலைமைக் கடவுளரின் படிமங்களுக்கு உத்தம தசதாளம் எனப்படும் 124 அங்குல அளவும், பிள்ளையாருக்குப் பஞ்சதாளமும் வகுக்கப்பட்டன. உயர்ந்தோரை உயரமாகக் காட்டும் இந்த முறையால், கோயில் தூண்களில் நிற்கும் மேனிகள் நம்மைவிட நெடியனவாய், எலும்பும் நரம்பும் புலப்படாத வழுவழுப்புடன் அமைந்தன. அவை வாழ்ந்து மடியும் உடல்கள் அல்ல; வணங்குவதற்கென வார்க்கப்பட்ட உடல்கள்.

தெரியுமா?

கல்லச்சு முறையில் சுண்ணாம்புக் கல்லின் சமதளத்தில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரையப்படும். பின்பு கல் நீரால் நனைக்கப்படும். வரைந்த இடம் நீரை ஏற்காது. வரையாத இடம் நீரை ஏற்றுக்கொள்ளும். அதன்மேல் அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேராத எளிய இயல்பே இதன் அடிப்படை. வண்ணப் படத்திற்கு ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். இதே இயல்பைக் கொண்டு பின்னர் வளர்ந்ததே இன்றைய ஆப்செட் அச்சு முறை.

நாட்காட்டி மேனி

கோயில் தூணில் நின்ற மேனி வீட்டுச் சுவருக்கு வந்த வரலாற்றில் ஓவியர் இரவிவர்மாவுக்குப் பெரும் பங்குண்டு. அவர் 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களை வண்ண அச்சுப் படங்களாக்கினார். அரண்மனைகளில் மட்டும் இருந்த எண்ணெய் வண்ண ஓவியம் எளியோர் வீட்டுக்கும் சென்றது.

தெற்கே அப்பணியைத் தொடர்ந்தவர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலைகள் தீட்டும் பணியில் ஊர் ஊராகச் சென்றார். நாடகப் பணியின் வழியாகக் கோவில்பட்டிக்கு வந்தவர் அங்கேயே தங்கினார். தம்மிடம் வந்த இளைஞர்களுக்கு ஓவியம் கற்பித்தார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், இராமலிங்கம், செண்பகராமன் ஆகியோர் அவர்தம் மாணவர் வரிசையில் புகழ்பெற்றவர்கள். அருகிலிருந்த சிவகாசி அச்சகங்கள் அவர்களின் ஓவியங்களை நாடெங்கும் கொண்டு சேர்த்தன.

சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்த கதையும் இதனோடு தொடர்புடையது. மழை குறைந்த கரிசல் மண்ணில் உழவு மட்டும் வாழ்வளிக்காத நிலையில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கொல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு ஒட்டுப்படம் தேவைப்பட்டது. ஒட்டுப்படத்திற்கு அச்சகம் தேவைப்பட்டது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்றும் ஒரே வறண்ட காற்றில் வளர்ந்தன.

கொண்டையராஜு மரபு ஓவியங்களில் மேனி எவ்வாறு அமைகிறது? முகம் பெரும்பாலும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். கண்கள் நம் கண்களைச் சந்திக்கும். உடலில் கடுமையான நிழல் விழாது. தோல் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். அணிகலன்கள் மேடை நாடகத்தை நினைவூட்டும். பின்னால் விரியும் மாடமும் நீர்நிலையும் நாடகத் திரைச்சீலையின் தொடர்ச்சியாகவே விளங்கும். இவை யாவும் ஓவியரின் இயலாமையால் நேர்ந்தவை அல்ல. வழிபடுவோர் கடவுளைக் கண்ணோடு கண் நோக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்யப்பட்டவை. படத்தின் பயன்பாடே அதன் வடிவத்தை முடிவு செய்தது. இக்கலையை ‘வெறும் காலண்டர் படம்’ என ஒதுக்குவோர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர்.

ஆனால், நாட்காட்டி மேனிக்கு மூப்பில்லை, வியர்வையில்லை, காய்ப்பேறிய உள்ளங்கையில்லை. அந்த மேனியையே பார்த்துப் பழகிய கண், பக்கத்தில் நிற்கும் மனிதரின் உடலை அழகற்றது எனக் கடந்துவிடக்கூடும். அதைத் திரும்பிப் பார்க்கச் செய்வதற்கு வேறொரு வகை ஓவியம் தேவைப்படுகிறது.

உழைக்கும் உடலும் நடக்கும் உடலும்

கொண்டையராஜு பயின்ற சென்னை ஓவியப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. 1929இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மனித உடலை அதன் தசையோடும் எலும்போடும் பார்க்கும் பார்வையைத் தம் சிற்பங்களில் நிலைநாட்டினார்.

சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். முதுகுத் தசைகள் முறுகுகின்றன. கால்கள் மண்ணில் ஊன்றுகின்றன. எவர் முகமும் நம்மை நோக்கவில்லை. பார்ப்பவரை நோக்கி நிற்க அவர்களுக்கு நேரமில்லை. அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். வணங்கத்தக்க உடல் என்பதற்குப் புதியதோர் இலக்கணத்தை அச்சிலை வகுத்தது. அதே கடற்கரையில் அதே ஆண்டில் நிறுவப்பெற்ற அவருடைய காந்தி சிலையும் நிற்கவில்லை, கோலூன்றி நடக்கிறது.

ஒரே மனிதர், நூறு கோட்டோவியங்கள்

வெண்கலத்தில் நடந்த காந்தியைப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர்க் கறுப்பு மையில் நடக்கச் செய்தவர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர் அருகேயுள்ள கீராம்பூரில் பிறந்த இவரும் சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் பயின்றவரே. காந்தியடிகளின் பிறந்தநாள் நூற்றாண்டான 1969இல், காந்தியை மட்டுமே பொருளாகக் கொண்டு நூறு கோட்டோவியங்களை அவர் வரைந்தார்.

காந்தியின் உருவத்தை அறியாதவர் அன்று இந்தியாவில் எவர்? மூக்குக் கண்ணாடி, கைத்தடி, முழங்கால் வரை உடுத்த வேட்டி ஆகிய மூன்றையும் வரைந்தாலே சிறு குழந்தையும் பெயர் சொல்லிவிடும். அவ்வளவு பழகிய உருவத்தை நூறு முறை வரைவதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆதிமூலத்தின் பணியின் சிறப்பு அங்கேதான் உள்ளது. அவர் அடையாளங்களை வரையவில்லை, உடலை வரைந்தார். இளமையிலிருந்து முதுமை வரை ஒரு மனிதரின் உடல் எவ்வாறு மெலிகிறது, மெலிய மெலிய எவ்வாறு உறுதி கொள்கிறது என்பதைக் கோடுகளால் தொடர்ந்து சென்றார்.

அவரது கோடு வெறும் எல்லைக்கோடு அன்று. சில இடங்களில் நுண்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழுந்து நிழலாகின்றன, எலும்பாகின்றன, துணியின் மடிப்பாகின்றன. வேறு சில இடங்களில் கோடு சட்டென நின்றுவிடுகிறது. வெள்ளைத் தாளே உடலாகிவிடுகிறது. வரையாமல் விட்ட இடத்தை நிரப்ப வேண்டியவர் பார்ப்பவர். கண்ணுள் வினைஞர் என்ற பழஞ்சொல் இங்கே மீண்டும் பொருள் பெறுகிறது.

வண்ணம் இல்லாத காந்தி, வண்ணமயமான நாட்காட்டித் தலைவர்களிடமிருந்து வேறுபட்டவர். எளிமையை வாழ்க்கையாகக் கொண்டவரை வரைய, மிக எளிய கருவிகளான பேனாவும் மையும் தாளும் போதுமாயின. பொருளும் முறையும் ஒன்றியதே இவ்வோவியங்களின் வலிமை.

தனிநபர் கண்காட்சியைக் காணும் முறை

பலர் ஓவியங்கள் ஒன்றாக வைக்கப்படும் கூட்டுக் கண்காட்சியில் நாம் ஓவியங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒருவரின் ஓவியங்கள் மட்டும் வைக்கப்படும் தனிநபர் கண்காட்சியில் ஒரு மனத்தைப் பின்தொடர்கிறோம். ஓவியர் எந்த உறுப்பை மீண்டும் மீண்டும் வரைந்திருக்கிறார், எதைத் தவிர்த்திருக்கிறார், தொடக்கத்தில் இருந்த எது போகப் போக மறைந்தது என்பன அங்கேதான் புலப்படும். ஒரே ஒரு காந்தி ஓவியம் ஓர் உருவப்படம். நூறு ஓவியங்கள் ஓர் ஆராய்ச்சி.

அத்தகைய கூடத்தில் நுழைந்ததும் பெயர்ப்பலகையைப் படிக்க முந்துவது பெரும்பாலோர் வழக்கம். ஓவியத்தை முதலில் பார்த்துவிட்டுத் தலைப்பைப் பின்னர்ப் படிப்பதே நன்று. கூடத்தை ஒருமுறை விரைந்து சுற்றிவந்து, மனத்தை ஈர்த்த இரண்டு மூன்று ஓவியங்களிடம் திரும்பிச் சென்று நீண்டநேரம் நிற்கலாம். தொலைவில் நின்று உருவத்தின் நிலையைக் காண வேண்டும்; அருகில் சென்று கோட்டின் போக்கைக் காண வேண்டும். உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது? தோள்கள் சமமாக உள்ளனவா, சரிந்துள்ளனவா? கைகள் என்ன செய்கின்றன? இவ்வினாக்கள் போதும். முகம் சொல்ல மறைப்பதைப் பல வேளைகளில் தோளும் கையும் சொல்லிவிடும்.

கரிசல் உடல்கள்

நூறு காந்தியை வரைந்த அதே கை பின்னர்க் கரிசல் மண்ணின் மனிதர்களையும் வரைந்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்னும் தொடரை வார இதழில் எழுதியபோது அதற்கு ஓவியம் தீட்டியவர் ஆதிமூலம். தலைப்பாகை கட்டிய சம்சாரிகள், குத்தவைத்துப் பேசும் முதியவர்கள், சுருக்கம் விழுந்த கிழவிகள் எனக் கோவில்பட்டி முதல் விருதுநகர் வரை பரந்த நிலத்தின் உடல்கள் அக்கோடுகளில் இடம்பெற்றன. கொண்டையராஜுவின் ஒளிரும் திருமகளும் ஆதிமூலத்தின் கரிசல் கிழவியும் ஏறத்தாழ ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். ஒருத்தி நாம் விரும்பும் வாழ்வின் வடிவம். மற்றொருத்தி நாம் வாழும் வாழ்வின் வடிவம். ஒரு பண்பாட்டிற்கு இரண்டும் தேவை. முன்னது மட்டும் போதும் என்று எண்ணும்போதுதான் குறை நேர்கிறது.

அக்குறை என்ன என்பதை விருதுநகர் மாவட்டத்தில் வாழ்வோர் எளிதில் உணரலாம். திருமகளின் படம் அச்சாகும் ஊரிலேயே, விடியற்காலையில் பட்டாசு ஆலைப் பேருந்துக்காகச் சாப்பாட்டுத் தூக்குடன் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அலுமினியத் தூள் படிந்து வெள்ளிபோல் மின்னும் கைகளோடு மாலையில் திரும்பும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். சட்டத்தில் தீக்குச்சி அடுக்கி அடுக்கிக் குனிந்துபோன முதுகுகள் இருக்கின்றன. தாளின் விளிம்பை விரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்லிவிடும் அச்சுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உருவாக்கும் ஒளியை நாடு முழுவதும் தீபாவளியன்று அண்ணாந்து பார்க்கிறது. அவர்கள் உருவம் நாளிதழில் வெளிவருவதோ, பெரும்பாலும் விபத்து நேர்ந்த மறுநாளில்தான்.

ஓர் உடலை விபத்துக்குப் பின் பார்ப்பதற்கும் அது வேலை செய்யும்போது பார்ப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது இரக்கத்தை மட்டும் எழுப்பும். பின்னது மதிப்பை எழுப்பும். மதிப்புள்ள இடத்தில்தான் பாதுகாப்பைப் பற்றிய அக்கறையும் பிறக்கும். உருவ ஓவியம் அறம் உரைப்பதில்லை, சட்டம் இயற்றுவதில்லை. ஆனால், கண்டும் காணாமல் கடந்துபோன ஒருவரை அது நம்முன் நிறுத்தி, அவரை மணிக்கணக்கில் ஒருவர் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. அவ்வாறு உற்றுப் பார்க்கப்பட்டவரை எளிதில் மறந்துவிட இயலாது.

ஓவியக் கூடங்கள் பெருநகரங்களில்தாம் மிகுதி. ஆயினும், பார்க்கும் பயிற்சிக்குக் கூடம் தேவையில்லை. ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொண்டு, வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரின் கைகளை அரைமணி நேரம் வரைந்து பாருங்கள். ஓவியம் சரியாக வராமல் போகலாம். அந்த அரைமணி நேரத்தில், இத்தனை ஆண்டுகள் உடனிருந்தும் கவனியாத ஒரு தழும்பையோ வளைந்த விரலையோ நீங்கள் காண்பீர்கள். அது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அவர் சொல்லத் தொடங்குவார். உருவ ஓவியத்தின் பயன் அங்கே தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அருகிலுள்ள கடையிலோ தொங்கும் நாட்காட்டிப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் உருவத்தின் நிலை, பார்வை, ஒளி, பின்புலம் ஆகியன அமைந்துள்ள முறையை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றில் ஈடுபடுவோரின் உடல் அசைவுகளை உற்றுநோக்கி, ஐந்து கோட்டோவியங்கள் வரைந்து வகுப்பறைச் சுவரில் காட்சிப்படுத்துக. பரங்குன்றத்துப் பார்வையாளர்போல் அவற்றைப் பற்றி வினவியும் விடை கூறியும் உரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பற்றிக் கூறும் நூல்
அ) மதுரைக்காஞ்சி ஆ) பரிபாடல் இ) நெடுநல்வாடை ஈ) மணிமேகலை

2. பொருத்தமற்ற இணையைத் தேர்க.
அ) கொண்டையராஜு – நாட்காட்டி ஓவியம்
ஆ) ராய் சௌத்ரி – உழைப்பாளர் சிலை
இ) ஆதிமூலம் – காந்தி கோட்டோவியங்கள்
ஈ) அலெக்சாண்டர் ஹண்டர் – சிவகாசி அச்சகம்

குறுவினா

1. ‘கண்ணுள் வினைஞர்’ – பொருள் விளக்கம் தருக.
2. தாளம் என்னும் அளவு குறித்து நீவிர் அறிவது யாது?
3. சிவகாசியில் அச்சுத்தொழில் தோன்றக் காரணமாக அமைந்தது எது?

சிறுவினா

1. நாட்காட்டி ஓவியங்களில் உருவம் அமையும் முறையையும் அதற்கான காரணத்தையும் விளக்குக.
2. ‘ஒரே ஒரு காந்தி ஓவியம் ஓர் உருவப்படம், நூறு ஓவியங்கள் ஓர் ஆராய்ச்சி’ – இக்கூற்றைத் தெளிவுபடுத்துக.

நெடுவினா

உழைக்கும் மனிதரின் உருவம் கலையில் இடம்பெற வேண்டியதன் தேவையை, உங்கள் ஊரின் வாழ்க்கையோடு பொருத்திக் கட்டுரைக்க.